மேசைப் போர்த்தொடருக்கு நவீனகாலப் படை சேர்த்தல்: முதல் பெட்டி வாங்குவதற்கு முன் படிக்க வேண்டியவை

நவீனகாலப் படைகளை, அதாவது சிறு வீரர் உருவங்களையும் வாகன மாதிரிகளையும், வைத்து மேசையில் ஒரு போர்த்தொடர் (ஒன்றின் விளைவு அடுத்ததில் தொடரும் போர் ஆட்டங்களின் வரிசை) ஆட வேண்டும் என்று நான் முடிவெடுத்த நாளுக்கும், முதல் ஆட்டத்துக்குப் பகடை உருட்டிய நாளுக்கும் இடையே 14 மாதங்கள் ஓடிவிட்டன. அவற்றில் வண்ணம் பூசக் கழிந்தவை நான்கைந்து மாதங்கள்தான். மீதிக் காலம் முழுவதும் ஒன்றோடொன்று பொருந்தாத பெட்டிகளை வாங்குவதிலும், வாங்கியதைத் திருப்பி அனுப்ப முயல்வதிலும், பூசியதைக் கரைத்து மறுபடி பூசுவதிலும் போயிற்று. எங்கெங்கே இடறினேனோ அந்த இடங்களை வைத்தே இந்த வழிகாட்டியை வரிசைப்படுத்தியிருக்கிறேன். வரிசையை மாற்றாமல் செய்தால், வாரத்துக்கு ஐந்தாறு மணி நேரம் ஒதுக்கக்கூடிய ஒருவர் நான்கு மாதத்தில் முதல் ஆட்டத்தை ஆடிவிடலாம்.

1. நாட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஆண்டைத் தேர்ந்தெடுங்கள்

"நவீனகாலம்" என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதை நம்பி வாங்குவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. இந்தப் பொழுதுபோக்கில் அந்தச் சொல் 1945-க்குப் பிந்திய எதையும் குறிக்கும். அமெரிக்கக் காலாட்படை வீரர் ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1985-இல் அவர் பச்சை, பழுப்பு, மணல், கறுப்பு என நான்கு நிறம் கலந்த காட்டு வடிவ உடையில் இருப்பார். 1991 வளைகுடாப் போரில் "சாக்லேட் சிப்" என்று வீரர்களே கேலியாக அழைத்த ஆறு நிறப் பாலைவன உடையில் இருப்பார். 2003-இல் ஈராக்குக்குள் நுழைந்தபோது மூன்று நிறப் பாலைவன உடை. 2006-இல் சாம்பல் பூத்த சதுரப் புள்ளிகளால் ஆன யூ.சி.பி.; 2011-இல் ஆப்கானிஸ்தானில் மல்ட்டிகேம். இருபத்தாறு ஆண்டுக்குள் ஐந்து உடைகள்.

உடையின் நிறம் தவறாகப் போனால் மறுபடி பூசிக்கொள்ளலாம். தலைக்கவசம், மார்புக் கவசம், துப்பாக்கி ஆகியவை வார்ப்பிலேயே வந்துவிடுவதால் அவற்றை மாற்ற வழியில்லை. நான் 1991 போர்த்தொடருக்கென்று ஆசை ஆசையாக 32 உருவங்களை வாங்கினேன். வந்து சேர்ந்த பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், ஒவ்வொரு துப்பாக்கியும் குட்டையான எம்4; அதன் மேல் விளக்கும் ஒளிக்குறியும் பொருத்தப்பட்டிருந்தன; தலையில் 2000-களின் கவசம். அந்த 32 பேரும் இன்றுவரை பிரைமர் என்ற அடிப்பூச்சுகூடப் பூசப்படாமல் பெட்டியில் இருக்கிறார்கள். பிரிட்டன் படைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: 1982-இல் நீளமான எஸ்.எல்.ஆர். துப்பாக்கி, 1991-இல் குட்டையான எஸ்.ஏ.80, டி.பி.எம். என்ற பழைய வடிவ உடை 2010 முதல் எம்.டி.பி. என்ற புதிய வடிவத்துக்கு இடம்விடத் தொடங்கியது.

ஆகவே ஒரு தாளில் ஆண்டையும் இடத்தையும் எழுதி, பணியிடத்துக்கு எதிரே ஒட்டுங்கள். எந்தப் பெட்டியைக் கண்டாலும் அந்தத் தாளைப் பார்த்த பிறகே விலையைப் பாருங்கள்.

எதில் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு, பிரிட்டனும் அர்ஜெண்டினாவும் மோதிய 1982 ஃபாக்லாந்துப் போரை நான் சொல்வேன். அது பெரும்பாலும் காலாட்படைகளின் போர். பிரிட்டன் தரப்பில் தரையிறக்கப்பட்ட கவச வாகனப் பிரிவு 4 ஸ்கார்ப்பியன், 4 சிமிட்டார், ஒரு சாம்சன் மீட்பு வாகனம், அவ்வளவுதான். ஒரு போரின் ஒரு தரப்புக் கவசப் படை முழுவதையும் ஒரு காலணிப் பெட்டியில் அடக்கிவிடக்கூடிய வாய்ப்பு நவீனகாலத்தில் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. அர்ஜெண்டினா வீரர்களின் உடை பெரும்பாலும் ஒரே ஆலிவ் பச்சை என்பதால் பாதிப் படை விரைவில் முடிந்துவிடும். டாங்கிகள் வேண்டும் என்பவர்களுக்கு 1991 ஏற்றது. இரு தரப்பு வாகனங்களும் பெரும்பாலும் ஒற்றை மணல் நிறமாக இருப்பதால் முதல்முறை பூசுபவருக்குச் சுமை குறைவு.

2. ஸ்கேலை ஒரே ஒருமுறை முடிவு செய்யுங்கள்

புழக்கத்தில் இருப்பவை முக்கியமாக நான்கு: 28 மி.மீ., 20 மி.மீ., 15 மி.மீ., 6 மி.மீ. இவை நிற்கும் மனித உருவத்தின் உயரத்தைச் சொல்கின்றன. ஆனால் சிலர் பாதத்திலிருந்து கண்வரைக்கும், வேறு சிலர் உச்சந்தலை வரைக்கும் அளப்பதால், இரண்டு தயாரிப்பாளர்களின் 28 மி.மீ. வீரர்களை அருகருகே நிறுத்தினால் ஒருவர் அண்ணனாகவும் மற்றவர் தம்பியாகவும் தெரிவார்கள். வாகனங்களோ பின்னத்தில் விற்கப்படுகின்றன. 20 மி.மீ.க்கு 1/72 அல்லது 1/76, 15 மி.மீ.க்கு 1/100, 6 மி.மீ.க்கு 1/285 அல்லது 1/300 என்று இவை தெளிவாகப் பொருந்தும். குழப்பம் 28 மி.மீ.யில்தான்: 1/56, 1/50, 1/48 ஆகிய மூன்றும் அதனுடன் விற்கப்படுகின்றன. ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே இருங்கள். கடைகளில் மிகுதியாகக் காணப்படும் 1/35 கட்டுமானப் பெட்டிகள் கண்காட்சி மாதிரிகளுக்கானவை; மலிவாகக் கிடைத்தாலும் மேசைக்கு உதவாது.

அளவு என்பது என்ன என்று கையால் உணர, 6.95 மீட்டர் உடல் நீளமுள்ள டி-72 டாங்கியைக் கணக்கிட்டுப் பாருங்கள். 1/56-இல் அது 124 மி.மீ., 1/72-இல் 96.5 மி.மீ., 1/100-இல் 69.5 மி.மீ., 1/285-இல் 24 மி.மீ. பத்து டாங்கிகள் கொண்ட சோவியத் கம்பெனி (ஒரு படைப்பிரிவு) 1/56-இல் மேசையை அடைத்துக்கொள்ளும். 1/285-இல் உள்ளங்கை இரண்டில் அடங்கும். தூரத்தையும் சேர்த்து யோசியுங்கள். 300 மீட்டர் துப்பாக்கிச் சூட்டுத் தூரம் 1/56-இல் ஐந்து மீட்டருக்கு மேல் வரும். 1.8 மீட்டர் நீள மேசையில் அது நடவாத காரியம் என்பதால் பெரும்பாலான விதிநூல்கள் தூரத்தைச் சுருக்குகின்றன. ஆயினும் டாங்கிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் காட்சி சகிக்காது. என் தீர்ப்பு இதுதான்: பத்துப் பதினைந்து வீரர்களின் மோதல் என்றால் 28 அல்லது 20 மி.மீ., கம்பெனி அளவு என்றால் 15 மி.மீ., பல கம்பெனிகள் சேர்ந்த பட்டாலியனும் அதற்கு மேலும் என்றால் 6 மி.மீ.

3. படைப் பட்டியலை எழுதிய பிறகே பணப்பையைத் திறங்கள்

பட்டியல் இல்லாமல் வாங்குபவர் எப்போதும் டாங்கிகளை அதிகமாகவும், இயந்திரத் துப்பாக்கிக்காரர்களைக் குறைவாகவும் வாங்குவார். நானும் அப்படித்தான் வாங்கினேன். ஆகவே இரு தரப்புப் பிரிவுகளின் உண்மையான அமைப்பைத் தாளில் எழுதுங்கள். அமெரிக்கக் காலாட்படையின் சிறு பிரிவான ஸ்குவாடில் 9 பேர்: ஒரு தலைவர், நால்வர் கொண்ட இரண்டு குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் ஒரு குழுத்தலைவர், தானியங்கித் துப்பாக்கி ஏந்தியவர் ஒருவர், எறிகுண்டுக் குழாய் பொருத்திய துப்பாக்கியுடன் ஒருவர், சாதாரணத் துப்பாக்கி வீரர் ஒருவர். அதாவது, ஒரு ஸ்குவாடுக்கு இரண்டு தானியங்கித் துப்பாக்கி உருவங்கள் கட்டாயம் தேவை. எட்டுப் பேர் கொண்ட பெட்டியில் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். அதே நிலையிலுள்ள பிரிட்டன் செக்ஷன் 8 பேர்; அமெரிக்க மரைன் ஸ்குவாட் 13 பேர். வாகனங்களில், பனிப்போரின் கடைசி ஆண்டுகளில் அமெரிக்க டாங்கிப் பிளாட்டூனுக்கு (கம்பெனியின் உட்பிரிவு) 4, கம்பெனிக்கு 14, சோவியத் டாங்கி ரெஜிமெண்டில் பிளாட்டூனுக்கு 3, கம்பெனிக்கு 10, பி.எம்.பி. என்ற காலாட்படைக் கவச வாகனங்கள் கொண்ட சோவியத் பிளாட்டூனுக்கு 3 வாகனங்கள்.

பட்டியலில் மூன்று பத்திகள் போடுங்கள்: முதல் ஆட்டத்துக்கு வேண்டியவை, மூன்றாவது ஆட்டத்துக்குள் வேண்டியவை, எப்போதாவது வேண்டியவை. முதல் பத்தியில் இருப்பதை மட்டும் இப்போது வாங்குங்கள். ஒரு தரப்புக்கு இரண்டு ஸ்குவாடும் ஒரு வாகனமும், மறுதரப்புக்கு மூன்று ஸ்குவாடும் இருந்தாலே முதல் ஆட்டம் நடக்கும். இரு தரப்பையும் நீங்களே சேர்த்து வைத்திருப்பது நல்லது. உங்கள் ஆண்டையும் உங்கள் ஸ்கேலையும் கொண்ட இன்னொரு படை எதிராளியிடம் இருக்கும் என்று காத்திருந்தால், காத்திருப்பே பொழுதுபோக்காகிவிடும்.

போர்த்தொடருக்கே உரிய சில பொருள்களும் பட்டியலில் ஏற வேண்டும்: எரிபொருள் லாரி, ஆம்புலன்ஸ், காயமுற்ற வீரர் உருவங்கள் சில, எரிந்துபோன வாகனம் ஒன்று, பொதுமக்கள் நாலைந்து பேர். தனி ஆட்டத்தில் எவரும் இவற்றைத் தேட மாட்டார்கள். அடுத்தடுத்த ஆட்டங்களில் வழங்கல் பாதையைக் காக்க வேண்டி வரும்போது லாரி இல்லாமல் தீப்பெட்டியை நகர்த்திக்கொண்டிருந்த அனுபவம் எனக்கு உண்டு.

4. வாங்கும்போது பார்க்க வேண்டிய செலவும் ஆவணமும்

முதலில் செலவைப் பற்றி. உருவங்களின் விலைதான் மொத்தச் செலவு என்று எண்ணாதீர்கள். என் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால், முதல் ஆண்டில் உருவங்களுக்கும் வாகனங்களுக்கும் போனது பாதியைச் சற்றே தாண்டியது. மீதி வண்ணம், தூரிகை, பிரைமர், வார்னிஷ், அடித்தட்டு, பசை, அஞ்சல் கட்டணம் என்று சிதறியது. ஆகவே கையில் இருக்கும் தொகையில் பாதியை மட்டும் உருவங்களுக்கு ஒதுக்குங்கள். வெள்ளை உலோக உருவங்கள் கனமானவை. தொலைதூரத்திலிருந்து வரவழைக்கும்போது எடைக்கான கட்டணம் உருவத்தின் விலையைத் தொட்டுவிடும். அத்தகையவற்றை ஒன்றிரண்டாக அடிக்கடி வாங்காமல், பட்டியலின் ஒரு பத்தி முழுவதையும் சேர்த்து ஒரே பொதியாக வாங்குவதே சிக்கனம்.

எல்லை கடந்து வரும் பொதியின் ஆவணத்தில் என்ன எழுதப்படுகிறது என்பதில் கவனம் தேவை. எனக்கு வந்த ஒரு பொதியின் மேல் விற்பவர் "இராணுவ வாகன உதிரிபாகங்கள்" என்று எழுதி அனுப்பிவிட்டார். உள்ளே இருந்தது கட்டைவிரல் அளவுள்ள ஆறு டாங்கிகள். விளக்கக் கடிதமும், விலைப்பட்டியலும், தயாரிப்புப் பக்கத்தின் அச்சுப்படியும் கொடுத்து அதை மீட்க ஐந்து வாரம் ஆயிற்று. பன்னாட்டுச் சுங்க வகைப்பாட்டில் விளையாட்டுப் பொருள்களும் அளவு குறைத்த மாதிரிகளும் 9503 என்ற தலைப்பின் கீழ் வருகின்றன. வாங்கும்போதே விற்பவருக்கு ஒரு வரி எழுதி, பொதியின் மேல் "வண்ணம் பூசாத அளவு மாதிரிகள், விளையாட்டுப் பொருள்" என்ற பொருளில் குறிப்பிடவும், இந்த எண்ணைச் சேர்க்கவும் கேட்டுக்கொள்ளுங்கள். விலைப்பட்டியலின் நகலைக் கையில் வைத்திருங்கள்.

ஸ்பிரே பிரைமரையும் ஸ்பிரே வார்னிஷையும் அந்தப் பொதியில் சேர்க்காதீர்கள். அழுத்தம் ஏற்றிய டப்பாக்கள் அபாயப் பொருள்களுக்கான ஐ.நா. பட்டியலில் 1950 என்ற எண்ணில் இருப்பவை. விமான அஞ்சலில் அவை பெரும்பாலும் ஏற்கப்படுவதில்லை, ஒரு டப்பாவுக்காக முழுப் பொதியும் நின்றுவிடும்.

முப்பரிமாண அச்சுக்கான கோப்புகளை வாங்குபவர்கள் உரிமக் குறிப்பையும் சேமித்துக்கொள்ள வேண்டும். சொந்த உபயோகத்துக்கு அச்சிடும் உரிமை வேறு, அச்சிட்டு விற்கும் உரிமை வேறு. மற்றவரின் வார்ப்பை அச்சு எடுத்து நகல் வார்த்து மலிவாக விற்பவர்களிடம் வாங்காதீர்கள். சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்க, அந்த நகல்களில் முகமே மழுங்கியிருக்கும்.

5. பொருளுக்கு ஏற்ப முன்தயாரிப்பு

உருவம் எதனால் ஆனது என்பதைப் பொறுத்துப் பசையும் பாதுகாப்பும் மாறும். கடின பிளாஸ்டிக்குக்குப் பிளாஸ்டிக் சிமென்ட். அது பரப்பை உருக்கி இணைக்கும். உலோகத்துக்கும் ரெசினுக்கும் (இறுகும் செயற்கைப் பிசின்) சூப்பர் குளூ. 1/72 பெட்டிகளில் வரும் வளையும் பிளாஸ்டிக் வீரர்கள் எந்தப் பசைக்கும் எளிதில் பிடிகொடுக்க மாட்டார்கள். ஆகவே ஒட்ட வேண்டிய துண்டுகள் இல்லாத உருவங்களாகப் பார்த்து வாங்குங்கள். அவர்களின் துப்பாக்கிக் குழல்கள் வளைந்திருந்தால் சுடுநீரில் சில நொடிகள் அமிழ்த்தி, விரலால் நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் போடுங்கள். ரெசினில் வளைந்த துண்டுகளுக்கும் இதே வைத்தியம் பலிக்கும்.

ரெசினைத் தேய்க்கும்போது எழும் தூள் நுரையீரலுக்குக் கேடு. முகக்கவசம் அணிந்து, உப்புத்தாளை நனைத்துத் தேய்க்க வேண்டும். அச்சிட்ட ரெசின் முழுமையாக இறுகுவதற்கு முன் தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம். நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பழைய உலோக வார்ப்புகளில் ஈயம் இருக்கலாம் என்பதால், அவற்றை அரத்தால் தேய்த்த கையோடு சாப்பிட உட்காராதீர்கள்.

எல்லா உருவங்களையும் பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு பழைய பல்துலக்கியால் கழுவி, ஒரு நாள் உலர விடுங்கள். அச்சிலிருந்து எளிதில் பிரிய வேண்டும் என்பதற்காகத் தடவப்பட்ட எண்ணெய்ப்பசை போகாவிட்டால், மூன்று வாரம் உழைத்துப் பூசிய வண்ணம் முழங்கையில் தொடங்கிப் பாம்புச் சட்டைபோல் உரிந்து வரும். அடுத்து, வார்ப்பின் இணைப்புக் கோட்டைக் கத்தியின் முதுகால் சுரண்டி எடுங்கள். தலைக்கவசத்தின் மேலே ஓடும் கோட்டை விட்டுவிட்டால், பூசிய பிறகு அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது.

பிரைமருக்குச் சாம்பல் அல்லது மணல் நிறம் போதும். 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் பிடித்து, டப்பாவை நகர்த்திக்கொண்டே மெல்லிய இரண்டு பூச்சாக அடித்து, ஒரு நாள் காயவிடுங்கள்.

6. உடையின் வடிவத்தைப் பூசுதல்

இந்த இடத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

உண்மையான துணியின் வடிவத்தை அப்படியே சிறிதாக்க முயலாதீர்கள். அப்படிச் செய்தால் இரண்டடி தள்ளி நின்று பார்க்கும்போது எல்லா நிறமும் கலந்து சேறாகத் தெரியும். புள்ளிகளைப் பெரிதாக்குங்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறங்களை உண்மையைவிட ஒரு படி வெளிறலாக எடுங்கள். உருவம் சிறியதாகும் அளவுக்கு நிறம் இருண்டு தெரியும் என்பதால் 6 மி.மீ.யில் இரண்டு படிகூட வெளிற வேண்டும். 28 மி.மீ.யில் நான்கு நிறமும் வைக்கலாம், 15 மி.மீ.யில் மூன்று போதும், 6 மி.மீ.யில் ஒற்றை நிறம் பூசி வாஷ் (நிழல் தரும் நீர்த்த வண்ணம்) விட்டால் முடிந்தது.

காட்டு வடிவத்துக்கு நான் கடைப்பிடிக்கும் வரிசை இது. உடை முழுவதும் நடுத்தரப் பச்சை. அதன் மேல் பழுப்பில், ஒரு தொடைக்கு இரண்டு, ஒரு கைக்கு ஒன்று என்ற கணக்கில் ஒழுங்கற்ற திட்டுகள். பிறகு மணல் நிறத்தில் அவற்றைவிடச் சிறிய திட்டுகள், பச்சையும் பழுப்பும் சந்திக்கும் ஓரங்களில். கடைசியாகக் கறுப்பு, அதைத் திட்டாக வைக்காமல், மரக்கிளைபோல் வளைந்த மெல்லிய கோடாக இழுக்க வேண்டும். இந்தக் கறுப்புக் கோடு வரும்வரை உருவம் கோமாளிபோல் இருக்கும். பயந்து அழித்துவிடாதீர்கள்.

"சாக்லேட் சிப்" வடிவத்தின் உயிர் அதன் கூழாங்கற்களில் இருக்கிறது. வெளிர் மணல் நிறத்தின் மேல் மங்கிய பச்சையும் பழுப்பும் கிடைமட்டப் பட்டைகளாகப் போன பிறகு, தூரிகையின் நுனியால் கறுப்புப் புள்ளிகளைச் சிறு கூட்டங்களாக வையுங்கள். காய்ந்ததும் ஒவ்வொரு கறுப்புப் புள்ளியின் மேலும் நடுவில் படாமல் ஓர் ஓரமாக ஒதுக்கி அதைவிடச் சிறிய வெள்ளைப் புள்ளியை வைத்தால், கறுப்பு நிழலாகவும் வெள்ளை கல்லாகவும் மாறிவிடும். ஒரு வீரருக்குப் பதினைந்து புள்ளிகள் போதும். அந்தப் போரில் பாலைவன உடைக்கு மேல் காட்டு வடிவ மார்புக் கவசத்தையே பலர் அணிந்திருந்தார்கள் என்பதை மறக்காதீர்கள். மணல் உடைக்கு மேல் அந்தப் பச்சைதான் 1991 என்று பார்த்தவுடன் சொல்லும்.

மல்ட்டிகேம் வேறு வகை. அதில் திட்டுகளுக்குத் தெளிவான ஓரமே கிடையாது. மணல் பழுப்பின் மேல், நீர்த்த பச்சையையும் நீர்த்த பழுப்பையும் மாறிமாறி மேகம்போல் படரவிட்டு, காய்ந்த பிறகு அடர்பழுப்பிலும் வெண்பழுப்பிலும் சிறு சிறு படுக்கைக் கீற்றுகளைத் தெளிக்க வேண்டும்.

முகத்தை உடைக்கு முன்பே பூசிவிடுங்கள். உள்ளே இருப்பதிலிருந்து வெளியே வருவதே எளிது. துப்பாக்கிக்குச் சுத்தக் கறுப்பு வேண்டாம். அடர்சாம்பல் பூசி, விளிம்புகளில் மட்டும் வெளிர்சாம்பலை டிரைபிரஷ் செய்தால் (வண்ணத்தைத் துடைத்து எடுத்த, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் தேய்த்தால்) உலோகம்போல் இருக்கும். ஏ.கே. துப்பாக்கியின் மரப்பகுதி செம்பழுப்பு. வாஷ் என்பது நீர்த்த இருண்ட திரவம். மடிப்புகளில் ஓடித் தேங்கி நிழல் தரும். பாலைவன உடைக்குக் கறுப்பு வாஷ் விட்டீர்களானால் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்தவர்போல் ஆகிவிடுவார். எப்போதும் பழுப்பு வாஷ்.

நேரக் கணக்கு: ஒன்பது பேரை வரிசையாக நிறுத்தி, ஒரு நிறத்தை ஒன்பது பேருக்கும் பூசிய பிறகே அடுத்த புட்டியைத் திறந்தால், 28 மி.மீ.யில் ஒரு ஸ்குவாடுக்கு எனக்கு 14 மணி நேரம் ஆகிறது, 15 மி.மீ.யில் மூன்றரை மணி நேரம். ஒருவரை முழுவதும் முடித்து அடுத்தவரை எடுத்தால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஒன்பதுக்கு மேல் வரிசையில் நிறுத்தாதீர்கள். இருபது பேருக்குப் பழுப்புத் திட்டு வைத்த மாலைக்குப் பிறகு நான் மூன்று வாரம் தூரிகையைத் தொடவில்லை. முதல் ஸ்குவாடைத் தொடங்கும்போதே ஒவ்வொரு நிறத்தின் பெயர், எண், வரிசை, எந்த அளவு நீர் என்பதை ஓர் அட்டையில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து இரண்டாவது ஸ்குவாடைப் பூசும்போது நினைவு கைகொடுக்காது.

7. வாகனங்கள்

வீரர்களைப் பூசியவருக்கு வாகனம் இளைப்பாறல். கோபுரத்தை ஒட்டிவிடாதீர்கள், சுழல வேண்டும், கழன்று வரவும் வேண்டும். ஒற்றை நிற வாகனத்துக்கு அடிநிறம், பழுப்பு வாஷ், வெளிறிய டிரைபிரஷ் என மூன்றே கட்டம். நேட்டோ மூன்று நிற வாகனத்துக்குப் பச்சை, பழுப்பு, கறுப்பு. ஜெர்மனி இவற்றை ஆர்.ஏ.எல். என்ற நிற எண் முறையில் 6031, 8027, 9021 என்று குறிப்பிடுகிறது. இந்த எண்களையே பெயராகக் கொண்ட வண்ணப் புட்டிகள் கிடைக்கின்றன, ஆனால் அவற்றை நேரடியாகப் பூசினால் இருண்டு போகும். கொஞ்சம் வெளிர்மணல் கலந்துகொள்ளுங்கள். ஆண்டுப் பொறி இங்கும் உண்டு: 1980-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் இருந்த அமெரிக்க வாகனங்கள் மெர்டிக் என்ற நான்கு நிற வடிவத்தில் இருந்தன.

நீரில் நனைத்து ஒட்டும் ஸ்டிக்கர்களை மேட் (பளபளப்பற்ற) பரப்பின் மேல் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி வெள்ளியாக மின்னும். ஒட்டும் இடத்தில் பளபளப்பு வார்னிஷ் பூசி, காய்ந்த பிறகு ஒட்டி, ஸ்டிக்கரை மென்மையாக்கும் திரவத்தைத் தடவி, கடைசியில் மேட் வார்னிஷ் பூசுவதே வழி. 1991 கூட்டணி வாகனங்களுக்குத் தலைகீழ் வி வடிவக் குறி இடுங்கள், கையாலேயே போடலாம்.

தூசியைக் கீழ்ப்பாதியில் மட்டும் ஏற்றுங்கள். சங்கிலித் தடத்துக்கு முழுக்க வெள்ளி பூசுவது வழக்கமான தவறு. மேற்கத்திய டாங்கிகள் பலவற்றின் தடத்தில் ரப்பர் பட்டைகள் இருப்பதால், தரையைத் தொடும் பகுதி அடர்சாம்பலாகத்தான் இருக்கும். ஆன்டெனாவுக்கு நைலான் துடைப்பத்தின் ஒற்றை நார் சிறந்தது. கம்பி வைத்தால் விரலில் குத்தும், வளைந்தால் நிமிராது.

8. வார்னிஷ்: அவசரப்படக் கூடாத இடம்

விளையாடும் உருவங்களை விரல்கள் ஓயாமல் தொடுவதால் வார்னிஷ் கட்டாயம். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் ஸ்பிரே மேட் வார்னிஷ் அடித்தால் உருவங்கள் மேல் வெண்பனி படர்ந்ததுபோல் ஆகிவிடும். மறுநாள் ஆட்டம் என்ற அவசரத்தில், வெளியே மழை தூறிக்கொண்டிருக்க, முடித்து வைத்த 12 பேர் மேல் அடித்தேன். பத்து நிமிடத்தில் பன்னிரண்டு பேரும் மாவில் புரண்டவர்கள்போல் நின்றார்கள். நல்லவேளையாகப் பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் பூசியதும் வெண்மை பெரும்பாலும் மறைந்தது. அது காய்ந்த பிறகு தூரிகையாலேயே மேட் வார்னிஷ் பூசினேன். இப்போதெல்லாம் முதலில் ஓர் உடைந்த உருவத்தின் மேல் அடித்து, அரை மணி நேரம் பார்த்த பிறகே மற்றவர்களைத் தொடுகிறேன். ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னதாகவே வார்னிஷ் வேலை முடிந்துவிட வேண்டும்.

9. அடித்தட்டும் பதிவேடும்

அடித்தட்டின் அளவை விதிநூல் சொல்லும். அதைப் படிக்காமல் ஒட்டாதீர்கள். 28 மி.மீ.க்குத் தனித்தனியாக 25 மி.மீ. வட்டத் தட்டு பொதுவானது. 15 மி.மீ.யில் நாலைந்து பேரை ஒரே தட்டில் ஒட்டும் விதிகளும் உண்டு. தட்டின் மண் நிறம் உங்கள் மேசை விரிப்பின் நிறத்தோடு ஒத்துப்போக வேண்டும். பச்சை விரிப்பின் மேல் பாலைவன மண் தட்டுகள் தேநீர்க் கோப்பை வைக்கும் தட்டுகள்போல் துருத்திக்கொண்டு நிற்கும்.

போர்த்தொடரில் இந்த வாரம் காயமுற்றவர் அடுத்த வாரம் திரும்பி வரலாம், வராமலும் போகலாம். அதனால் ஒவ்வொருவரையும் தனித்து அடையாளம் காண வேண்டும். தட்டின் பின்விளிம்பில் ஸ்குவாடுக்கு ஒரு நிறப் புள்ளியும், தட்டின் அடியில் எண்ணும் இடுங்கள். அதே எண்ணில் ஒரு குறிப்பேட்டில் வரி ஒதுக்கி, பெயர், ஆயுதம், ஆடிய ஆட்டங்கள், காயம், மீதித் தோட்டா நிலை ஆகியவற்றை எழுதுங்கள். வாகனத்துக்கு எரிபொருளும் பழுதும். ஆட்டம் முடிந்து உருவங்களைப் பெட்டியில் வைப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். "நாளைக்கு எழுதிக்கொள்ளலாம்" என்று விட்ட ஓர் இரவால், எங்கள் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் இறந்துபோன 7-ஆம் எண் இயந்திரத் துப்பாக்கிக்காரர் நான்காவது ஆட்டம்வரை சுட்டுக்கொண்டிருந்தார்.

சேமித்து வைக்க, தட்டின் அடியில் காந்தத் தாளை வெட்டி ஒட்டி, இரும்புத் தகடு பதித்த பெட்டியில் நிறுத்துங்கள். பஞ்சு வெட்டிய தட்டுகளில் படுக்க வைத்தால் ஆன்டெனாக்களும் துப்பாக்கிக் குழல்களும் சிக்கி ஒடியும். உலோக உருவங்களுக்குக் காந்தத் தாள் மட்டும் போதாது. சிறு வட்டக் காந்தம் தேவை. பெட்டியை மூடியபின் தலைகீழாக ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். எவர் விழுகிறாரோ அவருக்கு இன்னொரு காந்தம்.